ராசி டோப்பி

லூனாஸ் வட்டாரத்தில் ஹெல்மெட்டை யாரும் ஹெல்மெட் என்று சொல்வதில்லை. டோப்பிதான். அந்த வட்டாரத்து டோப்பிகளிலேயே பேர்போனது ஒன்று, பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், பிச்சையம்மாள் வீட்டுச் சாமி மேடையில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு டோப்பி. முகம் முழுக்க மூடுகிற ரகம். பின்மண்டையில் ஒரு வேல் ஸ்டிக்கர். ஒரு பக்கம் முனியாண்டி, இன்னொரு பக்கம் பிள்ளையார், நடுவில் டோப்பி. வெள்ளிக்கிழமை வந்தால் சாமிக்குக் காட்டுகிற சாம்பிராணியை அதற்கும் காட்டிவிட்டுத்தான் பிச்சையம்மாள் கரண்டியைக் கீழே வைப்பாள்.

அவள் மகன் அழகேசனின் உயிரைக் காப்பாற்றிய டோப்பி அது. கூலிம் பெக்டரியில் வேலை முடிந்து கரங்கான் பக்கம் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். குறுக்கே நாய் பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தான், மோட்டார் ஒரு பக்கம் போனது, இவன் ஒரு பக்கம் போனான். பின்மண்டை போய்ச் சின்னப் பாலத்தின் கட்டையில் மோதியது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எழுந்தான். தெறித்துப்போன சிலிப்பரைத் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் லூனாஸ் ஒட்டுக்கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து தே ஓ ஐஸ் குடிக்கிறவன் நாயை நாயாகவே வைத்திருப்பானா? ரெண்டாவது வாரம் நாய் எருமை ஆனது. அடுத்த மாதம் எருமைக்குப் பின்னால் ஒரு லாரியும் வந்தது. அழகேசன் கையை வீசி வீசிக் கதை சொல்ல, பக்கத்தில் ஜெயகுமார் மேசையில் விரலால் தாளம் போடுவான். லாரி வருகிற இடத்தில் தாளம் வேகம் எடுக்கும். மண்டை மோதுகிற இடத்தில் ஒரே ஒரு 'டண்'. கடையே சிரிக்கும்.

ஜெயகுமார் அடுத்த வீட்டுக்காரன், தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. கோயில் திருவிழாக்களுக்குப் போகிற உறுமி மேளக் குழுவில் அவன்தான் உறுமி. அவன் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கிற இழுப்பில் சும்மா நிற்கிற ஆளுக்கும் அருள் வரும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு மோட்டார் என்றால் மட்டும் பயம். லைசன் டெஸ்டில் தவறித் தவறி விழுந்தான். எங்கே போனாலும் அழகேசனின் பின்சீட்டுதான். சிக்னலில் பச்சை விழுந்ததும் தோளில் ஒரு தட்டு தட்டி, "போ மச்சான்" என்பான். எனக்கே தெரியாதா பச்சை விழுந்தது என்று அழகேசன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

மோட்டார் விஷயத்தில் அழகேசன் பைத்தியம். டயர், செயின், டோப்பி என்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பான். பார்த்ததை மற்றவர்களுக்கு ஓதாவிட்டால் தூக்கம் வராது. கொக்கி போடாமல் டோப்பியைத் தலையில் சும்மா கவிழ்த்துக்கொண்டு வருகிறவனைக் கண்டால் நிறுத்திவிடுவான்.

"ஏன்டா, மாத்தாவுக்குப் பயந்து போடுறியா, மண்டைக்குப் போடுறியா? கொக்கி இல்லாத டோப்பி, மூடி இல்லாத குடம்டா. விழுந்தா அது ஒரு பக்கம் போவும், மண்ட ஒரு பக்கம் போவும்."

மாத்தா என்றால் போலீஸ். போலீஸே இவ்வளவு பேசமாட்டார்கள். அதனால் ஜெயகுமார் அவனுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பேரையே வைத்தான்: ஜேபிஜே அழகு.

"ஜேபிஜே வந்துட்டாரு, எல்லாரும் டோப்பிய மாட்டுங்க லா!"

"சிரி மச்சான், சிரி. இன்னொன்னு சொல்றேன் கேட்டுக்க. டோப்பிக்கு ஒரு உசிருதான். ஒரு தடவ நல்ல அடி வாங்கிருச்சுன்னா அதோட கத முடிஞ்சிச்சு. வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும், உள்ள பஞ்சு அமுங்கிப் போயிரும். அடுத்த அடிய அது தாங்காது, மண்டதான் தாங்கணும். வார வெட்டி குப்பைல போட்டுரணும். வேற எவனும் எடுத்து மாட்டிரக் கூடாது."

"ஒரு உசிரு!" என்று ஜெயகுமார் மேசையில் ஒரு தட்டு தட்டினான். "டோப்பிக்கு ஒரு உசிரு, ஜேபிஜேக்கு ஒம்பது வாயி!"

இதெல்லாம் நாய் குறுக்கே பாய்வதற்கு முன்னால் பேசிய பேச்சு.

பாய்ந்த பிறகு, அழகேசன் வீட்டுக்கு வந்து டோப்பியைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே துணியை விலக்கிக் கட்டைவிரலை வைத்தான். வெள்ளைப் பஞ்சில் பள்ளம். விரல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. வாரை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தான். எடுத்த கையைப் பிச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா பண்ற? ஒன் உசிர காப்பாத்தி குடுத்த பொருளுடா. கத்தி படலாமா அதுல?"

"மா, இது இனி யூஸ் இல்லமா."

"யூஸ் இல்லாம இருந்துட்டுப் போவுது. ஒனக்கு யாரு போடச் சொன்னா? சாமிகிட்ட இருக்கட்டும்."

துடைத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், குங்குமம் வைத்தாள், மேடையில் ஏற்றினாள். அழகேசனும் விட்டுவிட்டான். சாமி மேடையில் இருக்கிறதை எவன் எடுத்து மாட்டப் போகிறான்? அடுத்த வாரம் அதைப் படம் பிடித்துப் போனில் போட வேண்டியிருந்தது. வெடிப்பு தெரிந்தால் படம் நன்றாக இருக்காது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய வேல் ஸ்டிக்கர் ஒன்று பையில் கிடந்தது. அளவாகப் பொருந்தியது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் கை கூப்பினார்கள். 'முருகா' என்று எழுதியவர்களே எத்தனையோ பேர்.

அப்படித்தான் அது ராசி டோப்பி ஆனது. லைசன் டெஸ்டுக்குப் போகிற பையன்கள் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜெயகுமாரும் தொட்டான். அந்தத் தடவை பாஸ் ஆனான்.

பாஸ் ஆனவன் சும்மா இருப்பானா? பழைய கப்சாய் மோட்டார் ஒன்றை வாங்கினான். ஓட்ட ஆரம்பிக்கிற முதல் நாள் காலையில், குளித்து, திருநீறு பூசி, அழகேசன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கூடவே அவன் அம்மா காஞ்சனா கையில் தேங்காயோடு, தங்கை சாந்தினி கையில் போனோடு. பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சான், மொத நாளு. ராசி டோப்பிய குடுடா."

பிச்சையம்மாளுக்குக் கேட்கவே வேண்டாம். தன் டோப்பிக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப்போய், சூடம் காட்டி மேடையிலிருந்து இறக்கி, "ஒன் கையாலயே குடுடா" என்று மகன் கையில் வைத்தாள்.

டோப்பி கையில் இருந்தது. ஜெயகுமார் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நீட்டியபடியே கண்ணைச் சுருக்கினான்.

"டேய் ஜேபிஜே, நீதான சொல்லுவ ஒரு உசிருன்னு. இது அடி வாங்குனதாச்சே?"

அழகேசன் அங்கே சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா முகம் மலர்ந்திருந்தது. தேங்காயோடு காஞ்சனா நின்றாள். இது வெறும் அமுங்கின பஞ்சு என்று சொன்னால், எருமையும் லாரியும் முருகனும் எல்லாம் அந்த வாசலிலேயே கலைந்துபோகும். மிஞ்சுவது ஒரு நாயும், சிலிப்பர் தேடின ஒருத்தனும்தான்.

"அட, அது செம்ம அடி வாங்குனாதாண்டா," என்றான். "இது சும்மா ஒரசுனது. பெயிண்ட் போயிருச்சு, அவ்ளோதான்."

"ஒரசுனதா? அப்ப எருமமாடு?"

"எருமதான் ஒரசுச்சு!"

வாசலே சிரித்தது. சாந்தினி படம் எடுத்தாள். ஜெயகுமார் டோப்பியை மாட்டி, கொக்கியைப் போட்டு, ஜேபிஜே பார்க்கட்டும் என்று கழுத்தை நிமிர்த்திக் காட்டினான். தேங்காய் உடைந்தது. அந்தச் சத்தத்தில் அழகேசனுக்கு மட்டும் ஒரு நொடி பாலத்துக் கட்டை ஞாபகம் வந்தது. இன்று ஒரு நாள்தானே, சாயங்காலம் வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஜெயகுமார் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. "இது தலையில இருந்தா எனக்குப் பயமே இல்லடா" என்றான். பயந்தவனுக்குப் பயம் போய்விட்டது என்கிறபோது எப்படிப் பிடுங்குவது? ஒரு நாள் போனில் குரல் அனுப்பியிருந்தான்.

"மச்சான், லூனாஸ்ல ரோட் பிளாக்கு! டோப்பி இல்லாதவன எல்லாம் ஓரங்கட்டிட்டு இருந்தாங்க. என்னையும் ஒரு மாத்தா நிறுத்துனாரு. பின்னாடி சிரிம் ஸ்டிக்கர பாத்தாரு, வார இழுத்துப் பாத்தாரு, 'பாகுஸ்'னு சொல்லி விட்டுட்டாருடா! ஒன் டோப்பி பாஸு!"

தலையில் இருக்கிறதா, இருக்கிறது. கொக்கி போட்டிருக்கிறதா, போட்டிருக்கிறது. தரமானது என்கிற அரசாங்க முத்திரை இருக்கிறதா, இருக்கிறது. சட்டம் கேட்கிறது அவ்வளவுதான். உள்ளே கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சட்டத்துக்கு எப்படித் தெரியும்? தெரிந்த அழகேசன் அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினான்.

ஒரு தூறல் நாள். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போன லாரியிலிருந்து உதிரிப் பழங்கள் வளைவில் சிந்தியிருந்தன. ஈரத்தில் அது எண்ணெய் மாதிரிதான். ஜெயகுமார் மெதுவாகத்தான் வந்தான். அவன் என்றைக்கு வேகமாக வந்தான்? முன்டயர் பழத்தில் ஏறி வழுக்கியது. சைக்கிளிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தான் என்று பின்னால் காடியில் வந்தவர் சொன்னார். "எந்திரிச்சி ஒக்காந்துருவான்னுதான் நெனச்சேன் தம்பி. எந்திரிக்கல."

விழுந்த இடத்தை அழகேசன் போய்ப் பார்த்தான். புல்லோரம் ஒரு சிமெண்டு விளிம்பு. அவ்வளவுதான். நல்ல டோப்பியாக இருந்தால் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, பழத்தைத் திட்டிவிட்டு, ஒட்டுக்கடைக்கு வந்து சொல்லியிருப்பான். நாலாவது வாரம் பழம் பாம்பு ஆகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கண் திறக்கவில்லை. திறந்தபோது பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது, ஒன்று வந்து சேர்ந்த பிறகுதான் இன்னொன்று கிளம்பும். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் மடங்கும், மடங்கினால் விரியாது.

வார்டுக்கு வெளியே காஞ்சனா அழகேசனின் ரெண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒன் டோப்பி இல்லாட்டி என் புள்ள இன்னைக்கு இல்லய்யா. டாக்டரே சொன்னாரு, தலையில டோப்பி இருந்ததால பொழச்சான்னு. நீதான்யா என் புள்ளைய குடுத்த."

அழகேசன் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல் அவனோடு வீட்டுக்கு வந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தது, பெக்டரியில் மெஷின் பக்கத்தில் வந்து நின்றது. ஒட்டுக்கடையில் இப்போது யாராவது கொக்கி போடாமல் வந்தாலும் அவன் குனிந்து கிளாஸைப் பார்த்துக்கொள்கிறான். ஜேபிஜே என்று கூப்பிட ஆளும் இல்லை.

ஜெயகுமார் வீட்டுக்கு வந்தான். உறுமி சுவரில் தொங்கியது, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். டோப்பி அவர்கள் வீட்டுச் சாமி மேடையில் ஏறியது. வலப்பக்கம் புதிதாக ஒரு வெடிப்பு, அதற்கு மேலும் குங்குமம். இரண்டு உயிரைக் காப்பாற்றின டோப்பி என்று பேர் இன்னும் பெரிதாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அழகேசன் அங்கேதான் போவான். பக்கத்தில் உட்கார்ந்து, நண்பனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுவான். "நேத்து… விட… நல்லாருக்கு" என்பான் ஜெயகுமார். எதிரே மேடையிலிருந்து டோப்பி பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படியே போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை பிச்சையம்மாள் சோறு போடும்போது சொன்னாள்:

"நம்ம சாந்தினிக்கு கூலிம்ல வேல கெடச்சிருச்சாம்டா. நாளைக்கு மொத நாளு. அண்ணன் மோட்டார ரிப்பேர் பண்ணி வச்சிட்டாங்க, அதுலதான் போறாளாம்."

"நல்லதுமா."

"டோப்பியும் அதான். ராசி டோப்பி. காஞ்சனா பூச எல்லாம் வச்சிருக்கா, காலைல வரச் சொன்னா."



அழகேசன் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பினான். லூனாஸ் கடையில் நல்ல டோப்பியாகப் பார்த்து, நீல நிறத்தில், சாந்தினியின் தலைக்குச் சரியான அளவில் ஒன்று வாங்கினான். வாங்கி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. புதுசைக் கொடுத்துவிடலாம், பழசை நைஸாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

காலையில் போனபோது வாசலில் மோட்டார் கழுவி நின்றது, கண்ணாடியில் ஒரு முழம் பூ. ஜெயகுமார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் டோப்பியை வைத்து, இடது கையால் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். காஞ்சனா தட்டில் சூடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாய்யா அழகு! நல்ல நேரத்துல வந்த. ஒன் கையாலயே எடுத்துக் குடு. அன்னைக்கும் நீதான குடுத்த."

"அத்தை… புதுசு ஒன்னு வாங்கிட்டு வந்தேன். சாந்தினிக்கு."

"அய்யோ, எதுக்குய்யா இதெல்லாம்!"

சாந்தினி நீல டோப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, கலர் செம்ம லா! ஆனா நாளைக்குப் போடுறேன். இன்னைக்கு ராசி டோப்பிதான். கூட்டாளிங்க எல்லாம் போட்டோ அனுப்பச் சொல்லிருக்காளுங்க."

"அது ஒனக்குப் பெருசா இருக்கும்மா. லூசா இருந்தா ஆபத்து."

"போட்டுப் பாத்துட்டேனே! கொண்டைய கீழ எறக்கிட்டா கரெக்டா நிக்குது."

"பழசு, நாத்தம் அடிக்கும்."

"சாம்பிராணி வாசம் அடிக்குது!" என்று அவள் சிரித்தாள். "என்னண்ணே, குடுக்க மனசு வரலையா? சாயங்காலம் திருப்பித் தந்துருவேன், பயப்படாதீங்க."

சாயங்காலம். அழகேசன் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் கசக்கினான்.

"சாந்தினி… வா," என்றான் ஜெயகுமார்.

அவள் போய் அண்ணன் முன்னால் குனிந்தாள். அவன் இடது கையால் டோப்பியைத் தூக்கினான். வலது கை பக்கத்தில் தாங்குவதற்கு வந்தது, வந்து பாதியில் மடங்கி நின்றது. இருந்தாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தங்கைக்குத் தானும் ஒன்று செய்கிறோம் என்கிற சந்தோஷம். டோப்பி அவள் நெற்றி வரைக்கும் இறங்கிவிட்டது.

அழகேசன் பாய்ந்து பிடித்தான்.

"போடாத! கழட்டு!"

சாந்தினி பயந்து நிமிர்ந்தாள். டோப்பி ஜெயகுமாரின் மடியில் விழுந்தது.

"என்னய்யா?" என்றாள் காஞ்சனா.

"அது… அடி வாங்குன டோப்பி அத்தை. அடி வாங்குனத மறுபடி போடக்கூடாது. வெளிய நல்லாருக்கும், உள்ள பஞ்சு அமுங்கிப் போயிருக்கும். ஒரு தடவதான் தாங்கும். இன்னொரு தடவ விழுந்தா ஒன்னுமே இல்லாத மாதிரிதான்."

சொல்லிவிட்டான். சொன்னதும், இது போதும் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தான். ஜெயகுமார் விழுந்ததில் கெட்டுப்போய்விட்டது என்றே அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

காஞ்சனா சிரித்தாள். வெள்ளை மனசோடு, ஒரு பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி.

"அது மத்த டோப்பிக்குய்யா. இது அப்படி இல்ல. மொதல்ல ஒனக்கு அடி தாங்குச்சு. அப்புறம் இவனுக்கும் தாங்குச்சுல்ல?"



தட்டில் சூடம் எரிந்தது. ஜெயகுமாருக்குச் சொல்தான் மெதுவாக வரும், புத்தி மெதுவாக இல்லை. அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு அழகேசனைப் பார்த்தான், பிறகு மடியில் கிடந்ததைப் பார்த்தான்.

"ஒரு… உசிரு," என்றான்.

டோப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினான். இடது கை நகத்தால் வேல் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினான். நன்றாக ஒட்டியிருந்தது, வரவில்லை. சாந்தினி உதவிக்குக் கையை நீட்டினாள், அவன் விலக்கிவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாக வேலின் நுனி கிளம்பியது, பிறகு தண்டு. கிழிந்து கிழிந்து முழுசும் வந்தது. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பழைய அழுக்கு ஏறிக் கறுத்துப்போயிருந்தது. வலப்பக்கத்தில் அவனுடைய வெடிப்பு இன்னும் வெள்ளையாக இருந்தது.

உள்ளே கையை விட்டான். துணிக்கு அடியில் கட்டைவிரல் தேடியது. கண்டுபிடித்து அங்கேயே நின்றது.

"ஒரசுனது," என்றான்.

"ஜெயா…"

"தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். அப்போதும் சொல்லலாம். ஜேபிஜே அழகுக்குத் தெரியாது என்று சொன்னால் அந்த முகம் நம்பக்கூடச் செய்யும், நம்ப ஆசையோடுதான் அது பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியும்டா," என்றான் அழகேசன்.

காஞ்சனா கத்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் தட்டைக் கீழே வைத்தாள். நீல டோப்பியை எடுத்து மகள் தலையில் தானே மாட்டினாள். கொக்கி ரெண்டு தடவை தவறி மூன்றாவது தடவை 'டக்' என்று விழுந்தது. வாரை இழுத்துப் பார்த்தாள்.

"போ. மெதுவா போ."

சாந்தினி அண்ணனைப் பார்த்தாள், அழகேசனைப் பார்த்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல் மோட்டாரை முடுக்கினாள். செம்மண் பாதையில் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் மூன்று பேரும் அசையவில்லை. பிறகு காஞ்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மா… கத்தரி," என்றான் ஜெயகுமார்.

அவள் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்துவிட்டு, அழகேசன் பக்கம் திரும்பாமலே மறுபடி உள்ளே போய்விட்டாள்.

ஜெயகுமார் இடது கையில் கத்தரிக்கோலைப் பிடித்தான். வாரைப் பிடிக்க வலது கை வேண்டும். அதைக் கொண்டுவந்து வார்மேல் வைத்தான். விரல் மடங்கியது, வார் நழுவியது, டோப்பி மடியில் உருண்டது. மறுபடி வைத்தான். மறுபடி உருண்டது.

"நான் வெட்டுறேண்டா. குடு."

ஜெயகுமார் தலையை ஆட்டினான். வேண்டாம்.

அழகேசன் மண்ணில் முட்டி போட்டான். ரெண்டு கையாலும் வாரைப் பிடித்து விறைப்பாக நீட்டினான். கத்தரிக்கோல் வந்து கவ்வியது. வலது கைக்காரனுக்குச் செய்த கத்தரி, இடது கையில் அது வெட்டவில்லை, வாரை மடித்து மடித்துக் கடித்தது. கடித்த இடத்தில் ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது. உறுமியில் தோல் அதிர அதிரக் குச்சியை இழுத்தவன், ஒரு வாரை வெட்ட வியர்த்துக்கொண்டிருந்தான். அழகேசன் கையை எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. அன்றைக்கு அம்மா கையைப் பிடித்தபோது உதறிவிட்டு வெட்டியிருந்தால் ஒரு நொடி வேலை இது.

கடைசி இழை அறுந்தது. டோப்பி உருண்டு போய் வாசல்படியில் முட்டி நின்றது. யாரும் எடுக்கவில்லை.

ஜெயகுமார் கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். இடது கையால் அழகேசனின் தோளில் ஒரு தட்டு தட்டினான். சிக்னலில் பச்சை விழுந்ததும் தட்டுகிற பழக்கமான தட்டு.

"போ," என்றான்.

அழகேசன் முட்டி போட்டபடியே இருந்தான். ஜெயகுமாருக்குத்தான் ஒவ்வொரு சொல்லாக வருமே, அடுத்த சொல்லும் மெதுவாக வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.